சிவக்காத கரைசல்

சனிக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. கோலாலம்பூரிலிருந்து வந்த பேருந்தின் கதவு ஈப்போவில் திறந்தபோது முதலில் தெரிந்தது வாய் அகன்ற ஒரு தெர்மஸ், கஞ்சி கொண்டுபோகும் வகை. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகள் அடுத்துத் தெரிந்தன. கைகளுக்குப் பின்னால் என் தங்கை. படியிறங்கும்போது அவள் தோளில் இருந்த துணிப்பை நழுவியது. அவள் அதைப் பிடிக்க முயலவில்லை. பை தரையில் விழுந்தது, தெர்மஸ் அசையவில்லை.

வீட்டுக்குத்தானே என்று கேட்டேன்.

"இல்லண்ணே, மொதல்ல தோட்டத்துக்குப் போலாம். லேப்ப நாலு மணிக்கு மூடிருவாங்க. அம்மாகிட்ட சாயங்காலம் வாரேன்னுதான் சொல்லியிருக்கேன்."

பையை எடுத்துக் கொடுத்தேன். பக்க உறையில் நீளமான வெள்ளைக் கடித உறை ஒன்று செருகியிருந்தது. தட்டச்சு செய்த முகவரி. நாங்கள் பிறந்த தோட்டத்து ரப்பர் ஆலை நிர்வாகியின் முகவரி. வேலை விண்ணப்பம் என்பது திறந்து பார்க்காமலே தெரிந்தது. நான் மோட்டார்சைக்கிளைக் கிளப்பினேன்.

அது எண்பதுகளின் இறுதி. நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஈப்போ வட்டாரச் செய்தியாளன். கோயில் நிர்வாகக் கூட்டம், பள்ளி விளையாட்டுப் போட்டி, நீதிமன்றம், பாகான் செராய் பக்கம் வயலில் தண்ணீர் ஏறினால் அது. தங்கை தலைநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு ஆராய்ச்சி மாணவி. பட்டப்படிப்புக்கு முன் மூன்று ஆண்டுகள் தோட்டத்து ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ரப்பர் பாலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதும் வேலை. அந்தச் சம்பளத்தில் மாலை வகுப்புக்குப் போய்த்தான் உயர்நிலைத் தேர்வு எழுதினாள்; பிறகு பட்டம் படித்தாள், ஆராய்ச்சியில் இடம் பெற்றாள். அந்த இடம் டிசம்பர் வரை உறுதி. டிசம்பரில் ஒரு குழு கூடும். அவள் செய்ய வேண்டிய அடிப்படைச் சோதனை அதற்குள் ஒரு முறையாவது பலித்திருக்க வேண்டும். பலிக்காவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போகும். இன்னும் ஏழு வாரம் இருந்தது. பத்து மாதத்தில் ஒரு முறையும் பலிக்கவில்லை.

வழியில் செமோரில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் மோட்டார்சைக்கிளை நிறுத்தினேன். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ரொட்டி வந்ததும் தெர்மஸை மேசையின் உட்பக்கம், சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். பழக்கதோஷத்தில் நான் குறிப்பேட்டைத் திறந்தேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று கேட்டே பழகியவன். அவள் வேலையைப் பற்றி அதுவரை ஒழுங்காகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் சொன்னதை இப்படி எழுதிக்கொண்டேன். உடலுக்குள் நடக்கும் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருளுக்கு நொதி என்று பெயர். நொதி என்றால் புரதம்தான் என்று எல்லாப் பாடநூலும் சொல்லிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆர்.என்.ஏ.யும் அந்த வேலையைச் செய்யும் என்று தெரியவந்தது. ஆர்.என்.ஏ. என்பது உயிரணுவுக்குள் செய்தி கொண்டுபோகும் ஒரு மெல்லிய இழை. செடிகளுக்கு நோய் தரும் சில நுண்பொருள்களில் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று இருக்கிறது. அதன் கண்ணிகளை எழுத்தாக எண்ணினால் ஐம்பதுகூட வராது. அது மூன்று கையாக மடிந்து, குறிப்பிட்ட ஓர் இடத்தில் தன்னையே இரண்டாக வெட்டிக்கொள்ளும். தாளில் வரைந்தால் சுத்தியலின் தலை போல இருக்கும். மக்னீசியம் கலந்த கரைசலில் அது வெட்டிக்கொள்வதைக் காட்டுவதுதான் அவளுடைய சோதனை.

"யாரு வெட்டுறது?" என்று கேட்டேன்.

"அதுவே அத வெட்டிக்கிது."

"அப்புறம் மக்னீசியம் எதுக்கு?"

"அது இல்லாட்டி வெட்டாது."

"அப்ப மக்னீசியந்தான் வெட்டுது."

"இல்லண்ணே. அப்படி எழுதிராதீங்க." என் பேனாவை வாங்கி அந்த வரியை அவளே அடித்தாள். "அது கிட்ட நிக்கிது. அது கிட்ட நின்னாத்தான் இது மடங்கும், மடங்குனாத்தான் வெட்டும். நிக்கிறதோட சேத்து வெட்டுற எடத்துல ஒரு கை குடுக்குதான்னு பெரியவங்களே இன்னும் அடிச்சிக்கிறாங்க."

காரணம் எளிதாகத்தான் இருந்தது. ஆர்.என்.ஏ. இழையின் ஒவ்வொரு கண்ணியிலும் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே இழை தன்னைத்தானே தள்ளிக்கொண்டு விரிந்தே கிடக்கும். மக்னீசிய அயனிக்கு இரண்டு நேர்மின்னேற்றம். அது இடையில் வந்து நின்றால் தள்ளுகிற கண்ணிகள் அடங்கும், கைகள் நெருங்கும், வெட்டு விழ வேண்டிய இடம் சரியாக வளைந்து நிற்கும்.

எனக்கு ஆலையின் பால் தொட்டி நினைவுக்கு வந்தது. ரப்பர் பாலின் துளிகளுக்கும் எதிர்மின்னேற்றம்தான். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதால்தான் அது பாலாக இருக்கிறது. மக்னீசியம் மிகுந்தால் துளிகள் நெருங்கும், பால் திரியும், தொட்டி வீண். அதனால் பாஸ்பேட் உப்பைப் போட்டு மக்னீசியத்தை அடியில் படிய விடுவார்கள். சாம்பல் நிறக் கசடாக அது இறங்கும். எங்கள் அப்பா அந்தக் கசடைச் சுரண்டி அள்ளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தார். வீட்டில் மக்னீசியம் என்ற சொல்லை நாங்கள் கேட்டதே அழுக்கின் பெயராகத்தான். இதைச் சொன்னேன். அவள் ரொட்டியைப் பிய்த்தபடி சிரித்தாள்.

"அப்பா சொரண்டிப் போட்டத நான் காசு குடுத்து வாங்கி ஊத்துறேன். ஊத்தியும் ஒண்ணும் நடக்கல லா."

நடக்காததற்கு அவளிடம் ஒரு விளக்கம் இருந்தது. அவளுடைய பேராசிரியர் சுத்தத்தைச் சந்தேகித்தார். ஆர்.என்.ஏ. சட்டென்று கெடும் பொருள். வேண்டாத உலோகம் கொஞ்சம் கலந்தாலும் கண்ட இடத்தில் சிதையும், அல்லது தப்பாக மடிந்து வெட்டாமலே கிடக்கும். அவள் பயன்படுத்தும் தண்ணீரில் உலோகம் இருக்கிறது என்பது அவள் முடிவு. அங்கே அதைச் சோதிக்கும் பெரிய கருவிக்கு மூன்று வாரம் வரிசை. தோட்டத்து ஆலையில் ஒரு சாயப் பொடியும் ஒரு குடுவையும் போதும். அந்தச் சோதனையை அவள் ஆயிரக்கணக்கான முறை கையால் செய்திருக்கிறாள். அதற்காகத்தான் தெர்மஸ். உள்ளே பனிக்கட்டிக்கு நடுவே மூன்று சிறு புட்டிகள். முதலாவது தண்ணீர். இரண்டாவது, மக்னீசியம் சேர்க்காத கரைசல். மூன்றாவது, மக்னீசியம் சேர்த்த முழுக் கரைசல், ஆர்.என்.ஏ. மட்டும் இல்லை.

மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். அதில் உலோகம் இருப்பது தெரிந்ததுதான். சிவப்பு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க, என்றாள்.

தோட்டத்தின் கீழ்ப்பகுதியில் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். கன்றுகள் முழங்கால் உயரம். ஆலையில் நான்கு தொட்டிகளில் இரண்டு காலி. பரிசோதனைக் கூடம் மட்டும் அப்படியே இருந்தது: ஒரு நீள மேசை, குழாய் வைத்த ஒரு கழுவுதொட்டி, அமோனியா வாடை. அங்கே பொறுப்பில் இருந்த அக்கா என் தங்கையோடு மூன்று ஆண்டு ஒரே மேசையில் வேலை செய்தவர். எங்களைப் பார்த்ததும் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆத்தாடி, யுனிவர்சிட்டிக்காரி வந்திருக்கா. கூடவே பேப்பர்காரரு. தம்பி, நான் பேசுறத எதையும் போட்டுறாதீங்க. போட்டா போட்டோவோட போடுங்க."

தங்கை முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. தன் பழைய இடத்தைப் பற்றிக் கேட்டாள். குரல் இயல்பாகவே இருந்தது. இப்போது அதில் இருக்கும் பெண்ணுக்குத் தைப்பூசத்துக்கு முன் கல்யாணம், லகாட் ஊருக்குப் போகிறாள், ஜனவரியிலிருந்து ஆள் வேண்டும், நிர்வாகி யோசிக்காமல் எடுத்துக்கொள்வார் என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டு, ஏன் கேட்கிறாய் என்று கேட்டார். தங்கை தெர்மஸைத் திறந்து, தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றாள். அக்கா அலமாரியிலிருந்து ஆறு கூம்புக் குடுவைகளை எடுத்து மேசையில் வைத்தார்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். குடுவையைக் கையில் எடுத்ததும், எதையும் ஊற்றுவதற்கு முன்பே, என் தங்கையின் இடது கை மேசையின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் புட்டியை எடுத்தது. பார்க்காமலே எடுத்தது. குடுவைக்குள் பீய்ச்சி, சுழற்றி, கொட்டியது. பிறகு காய்ச்சி எடுத்த வடிநீரால் அலசியது. ஆறு குடுவைக்கும் அப்படியே. அது என்ன என்று அக்காவிடம் கேட்டேன். ஈ.டி.டி.ஏ. என்றார். உலோக அயனியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பொருள். நம் வட்டாரத்துக் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மலையைக் கரைத்துக்கொண்டு வருவது. அதில் கழுவிய குடுவையில் கால்சியமும் மக்னீசியமும் ஒட்டியிருக்கும், பாலின் கணக்கு தப்பாகும். அதனால் முதலில் இதை ஊற்றி இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். இந்த மேசையில் அது விதி.

சோதனையின் முறை இதுதான். குடுவையில் கரைசலை ஊற்றி, அமோனியா கலந்த நீரைச் சேர்த்து, கறுப்புச் சாயப் பொடியை ஒரு சிட்டிகை போட வேண்டும். மக்னீசியம் தளையில்லாமல் இருந்தால் திராட்சைச் சாறு போலச் சிவக்கும். இல்லாவிட்டால் நீலம்.

தண்ணீர்: நீலம்.

தங்கையின் முகம் வாடியது. தண்ணீர் சுத்தம் என்பது அவளுக்கு நல்ல செய்தி அல்ல. குற்றவாளி என்று நினைத்தவர் விடுதலையாகிவிட்டார். நீதிமன்றச் செய்தி எழுதியவனுக்கு அந்த முகம் தெரியும்.

"நம்ம பைப்புத் தண்ணிய வேணா ஊத்திக் காட்டவா? ரத்தமா வரும்," என்றார் அக்கா.

மக்னீசியம் சேர்க்காத கரைசல்: நீலம். அதுவும் எதிர்பார்த்ததுதான். மூன்றாவது புட்டியை அவள் அவ்வளவாகக் கவனிக்காமலே ஊற்றினாள். சாயத்தைப் போட்டுச் சுழற்றியபடி, மற்ற இரண்டு குடுவைகளையும் வரிசைப்படுத்தினாள். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தாள்.

மூன்றும் நீலம்.

"மாத்தி ஊத்திட்டியா?" என்றார் அக்கா.

அவள் புட்டியின் ஒட்டுச்சீட்டைப் படித்தாள். அலமாரியிலிருந்து இன்னொரு குடுவையை எடுத்தாள். இடது கை மறுபடி அந்தப் பிளாஸ்டிக் புட்டியை நோக்கிப் போனது; பாதி வழியில் நின்றது. குடுவையை வடிநீரால் மட்டும் இரண்டு முறை அலசினாள். ஊற்றினாள். நீலம்.

மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தாள். பத்து மாதமாக அவள் என்ன செய்தாள் என்பதை அக்காவைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எல்லாப் புட்டியிலும் ஈ.டி.டி.ஏ. சேர்த்திருந்தாள். ஆர்.என்.ஏ.யைப் பாதுகாக்கச் சிறிதளவு சேர்ப்பது அங்கேயும் வழக்கம்தான். ஆனால் சிறிதளவு என்பது அவள் கைக்குப் பழகியிருக்கவில்லை. சோதனை தோற்றதும் அழுக்கு என்று நினைத்து அளவைக் கூட்டினாள். மறுபடி தோற்றதும் மறுபடி கூட்டினாள். பிறகு அவள் மக்னீசியத்தை ஊற்றும்போதெல்லாம், அது ஆர்.என்.ஏ.யை எட்டும் முன்பே ஈ.டி.டி.ஏ. அதைப் பிடித்துக்கொண்டது. புட்டியில் மக்னீசியம் இருந்தது. ஆனால் யார் பக்கத்திலும் போய் நிற்கும் நிலையில் அது இல்லை.

"சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணியே கெடுத்திருக்கேங்கா."

"இங்க கத்துக்கிட்டதுதானே," என்றார் அக்கா. பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நாந்தான் கையில அடிச்சி அடிச்சிச் சொல்லிக் குடுத்தேன். என்னையத் திட்டிக்க," என்றார்.

"திட்டி என்னக்கா ஆவப் போவுது? மக்னீசிய உப்பு இருக்கா?"

இருந்தது. தங்கை அளவுக்குழாயில் அதை நிரப்பி, நீலமாக இருந்த கரைசலில் துளித்துளியாக விட்டாள். வழக்கமாக அந்த மேசையில் இதற்கு எதிர்த்திசையில்தான் வேலை நடக்கும்: சிவந்த பாலில் ஈ.டி.டி.ஏ.யை விட்டு நீலமாக்குவார்கள். அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் துளி விழுந்த இடம் மட்டும் சிவந்து, கலைந்து, மறைந்தது. இன்னும் சில துளிகள். பிறகு குடுவை முழுவதும் ஒரே நேரத்தில் நிறம் மாறியது.

அவள் அளவுக்குழாயின் கோட்டைப் படித்து எண்ணைச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். மக்னீசியத்தைப் பிடித்த பிறகும் எவ்வளவு ஈ.டி.டி.ஏ. மீந்து கிடந்தது என்பதற்கான எண் அது. அவள் துள்ளவில்லை. குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

திரும்பும் வழியில், செய்தியாக எழுதலாமா என்று கேட்டேன். தோட்டத்துப் பெண், புதிய அறிவியல், ரப்பர் ஆலையில் விடை. தலைப்புகூட மனத்தில் ஓடியது. வேண்டாம் என்றாள். ஆலைச் சோதனையில் அமோனியா இருக்கிறது, அவளுடைய சோதனையில் இல்லை, ஈ.டி.டி.ஏ.யின் பிடி இரண்டிலும் ஒரே அளவாக இருக்காது. இங்கே நீலம் என்பது ஒரு துப்பு மட்டும். வெட்டு விழுந்ததை, ஆர்.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துக் காட்டும் படச்சுருளில் பார்க்கும்வரை ஒன்றும் நடந்ததாகச் சொல்லக் கூடாது. நானும் என் நாளிதழ் ஆசிரியருக்கு அப்படித்தான், உறுதியான பிறகே செய்தி அனுப்ப வேண்டும். ஆகவே எழுதவில்லை.

அம்மாவிடம் தண்ணீரைச் சோதிக்க வந்ததாக மட்டும் சொன்னாள். அம்மா, அங்கே தண்ணீர்கூடச் சரியில்லையா, கொதிக்க வைத்துக் குடி என்றார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பேருந்து ஏறினாள். வெள்ளை உறையைக் கொடுத்தாளா, வைத்திருந்தாளா என்று எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதல் முயற்சி தோற்றிருந்தது. ஈ.டி.டி.ஏ.யை முழுக்கத் தவிர்த்துவிட்டு, ஆத்திரத்தில் மக்னீசியத்தைத் தாராளமாக ஊற்றி, அதிக நேரம் சூடாக வைத்துவிட்டாள். ஆர்.என்.ஏ. ஓரிடத்தில் வெட்டுப்படுவதற்குப் பதிலாக எல்லா இடத்திலும் சிதைந்து, படத்தில் ஒரே புகையாக விழுந்திருந்தது. சொல்லும்போது அவள் குரலில் சோர்வு இல்லை. பத்து மாதமாக ஒன்றுமே நடக்காத இடத்தில் இப்போது அளவுக்கு மீறி நடக்கிறது என்றாள். இனி அளவுதான் பாக்கி. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் அந்தச் சாயப் பொடியின் பெயரை எழுதித் தரச் சொன்னாராம்.

அதற்குப் பின் மூன்று வாரம் பேச்சில்லை. நான் ஒரு பள்ளிக் கட்டட நிதிக் கூட்டத்துக்கும், செமோர் சாலை விபத்து ஒன்றுக்கும் போய்வந்தேன். ஒருமுறை ஆலைப் பக்கம் போனபோது, அக்கா வாசலிலேயே நிறுத்தி, வெட்டிச்சா இல்லியா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பேப்பர்காரருக்கே தெரியவில்லையென்றால் எதற்குப் பேப்பர் என்றார். ஜனவரிக்கு ஆள் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்று சொல்லி, உடனே வேறு பேச்சுக்குப் போனார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, மக்னீசியத்தின் பங்கு பற்றிய அந்த விவாதம் எங்கே போய் நின்றது என்று தங்கையிடம் கேட்டிருக்கிறேன். சாதாரண உப்பை மிக அதிகமாகக் கொட்டினால், மக்னீசியம் இல்லாமலும் அந்தச் சிறு ஆர்.என்.ஏ. மெதுவாக வெட்டிக்கொள்ளும் என்று பின்னால் கண்டுபிடித்தார்களாம். மடித்து நிறுத்துவதுதான் முக்கியப் பங்கு. ஆனால் உயிரணுவில் கிடைக்கும் சிறிய அளவில் அதை ஒழுங்காகச் செய்வது மக்னீசியம்தான், வெட்டும் இடத்திலும் அதற்குப் பங்கு இருக்கலாம் என்றாள். "கிட்ட நிக்கிது" என்று அன்று சொன்னதை மாற்றிக்கொள்ளத் தேவையில்லையா என்று கேட்டேன். அப்போதைக்கு அது சரி என்றாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் அலுவலக முகவரிக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே படச்சுருளின் நகல், ஒரே தாள். கடிதம் இல்லை. படத்தில் மேலிருந்து கீழாக நான்கு பாதைகள்; முழு இழை மேலேயே நிற்கும், வெட்டுண்ட துண்டுகள் கீழே இறங்கியிருக்கும். ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு பாதைக்கும் குறிப்பு எழுதியிருந்தாள். முதல் பாதை, மக்னீசியம் இல்லாதது: மேலே ஒரே ஒரு தடித்த கோடு. இரண்டாவது, பழைய கரைசல்: அதே இடத்தில் அதே கோடு. மூன்றாவது, புதிய கரைசல், சிறிதளவு மக்னீசியம்: மேலே இருந்த கோடு மங்கியிருந்தது, அதற்குக் கீழே இரண்டு மெல்லிய கோடுகள். நான்காவது, கூடுதல் மக்னீசியம்: மேல்கோடு அநேகமாக இல்லை, கீழ்க்கோடுகள் இரண்டும் கறுத்திருந்தன. என் மேசையில் இருந்த அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பாதையிலும் நான்காவது பாதையிலும் கீழ்க்கோடுகள் ஒரே உயரத்தில் இருந்தன. அதாவது, இரண்டு முறையும் வெட்டு ஒரே இடத்தில் விழுந்திருந்தது.

தாளை ஆலைக்குக் கொண்டுபோனேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இதில் எது அவள் என்று கேட்டார். கீழே இருந்த இரண்டு கோடுகளைக் காட்டினேன். நகலை அங்கேயே விட்டுப் போகச் சொன்னார்.

குழு அந்த மாதம் மூன்றாம் வாரம் கூடியது. தங்கை ஜனவரியில் இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்தாள். ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குச் செமோரிலிருந்து வேறு ஒரு பெண் வேலைக்கு வந்தாள்.